டிமாண்டு ஏறும், இறங்காது

சொத்து வரிக்கும் வீட்டின் விற்பனை விலைக்கும் நம் ஊரில் நேரடித் தொடர்பு கிடையாது. முப்பது வருஷத்துக்கு மேல் பேரூராட்சிகளில் பில் கலெக்டராக இருந்திருக்கிறேன். அந்த வேலையில் கடினமான பகுதி, இதை வீட்டுக்காரரிடம் சொல்லிப் புரிய வைப்பதுதான். ரசீதுப் புத்தகத்தை விரித்ததும் கேட்பார்கள்: "ஏனுங்க தம்பி, ரெண்டு வருசத்துக்கு முந்தி அறுவது லட்சத்துக்குக் கேட்ட ஊடு. இன்னிக்கு நாப்பதுக்குக்கூட ஆளக் காணோம். வரி மட்டும் எப்படிங்க ஏறுது?" கேட்பதில் முழு நியாயம் இருக்கிறது. ஆனால் வரிக் கணக்கு விலையை வைத்துப் போடப்படுவதில்லை, வாடகையை வைத்துப் போடப்படுகிறது. அதுவும் அவர் கையில் வாங்குகிற வாடகை அல்ல, வாங்கக்கூடும் என்று ஆபீஸ் நினைக்கிற வாடகை.

அந்த வீட்டை விட்டால் மாசம் இவ்வளவு கிடைக்கும் என்று ஒரு தொகையை வைத்துக்கொண்டு பன்னிரண்டால் பெருக்குவோம். கட்டடப் பங்கில் ரிப்பேருக்கென்று பத்து சதவீதம் கழியும். கட்டட வயசுக்குத் தேய்மானம், சொந்தமாகக் குடியிருந்தால் அதற்கொரு கழிவு. மிஞ்சுவது ஆண்டு வாடகை மதிப்பு. அதன்மேல் பொது வரி, நூலக வரி என்று ஊருக்குத் தகுந்த இனங்களைப் போட்டு இரண்டு அரையாண்டாகப் பிரித்தால் டிமாண்டு. ஏப்ரலில் ஒன்று, அக்டோபரில் ஒன்று.

சதுர அடிக்கு வாடகை எவ்வளவு என்பதை வீடு வீடாகக் கேட்டு எழுதினோமா என்றால் இல்லை. 1998ல் பொதுச் சீராய்வு வந்தபோது, அதற்கான வேலையில் நானும் உட்கார்ந்திருந்தேன். தெருப் பட்டியலை மேஜையில் விரித்து, பழனி ரோட்டைப் பார்த்த வீதிகள் ஒரு மண்டலம், அதை ஒட்டியவை அடுத்தது, உள்ளே தள்ளிய காலனிகள் கடைசி என்று பிரித்தோம். ஒவ்வொரு மண்டலத்திலும் நாலைந்து வாடகை வீடுகளை விசாரித்து ஒரு விகிதம் எழுதினோம். அன்றைக்கு அது ஓரளவுக்கு நியாயமான விகிதம். சிக்கல் பின்னால் வந்தது. அடுத்தடுத்து வந்த உயர்வுகளில் பெரும்பாலானவை, ஏற்கனவே இருந்த வரியின் தலையில் இத்தனை சதவீதம் என்று ஏறியவை. வீதியின் நிலைமை மாறிவிட்டதா, வாடகை விழுந்துவிட்டதா என்று திரும்ப ஒருமுறை யாரும் உட்கார்ந்து பார்க்கவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்தது 1980களின் கடைசியில். மடத்துக்குளம் அப்போது உடுமலைப்பேட்டை தாலுக்காவில், கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. 2009ல் திருப்பூர் மாவட்டம் பிரிந்த பிறகுதான் தனித் தாலுக்கா. சொந்த ஊர் இதுதான் என்றாலும் வேலை பார்த்தது சுற்றுவட்டத்தில் பல பேரூராட்சிகளில். அந்தக் காலத்து வசூலுக்கு விவசாயம்தான் நாள்காட்டி. அமராவதிப் பாசனத்தில் நெல் அறுத்த பணம், கிருஷ்ணாபுரம் கூட்டுறவு சர்க்கரை ஆலையில் கரும்புக்குப் பட்டுவாடா ஆன பணம், இவை கைக்கு வந்த வாரம் பார்த்துப் போனால் ஒரே நடையில் ஒரு வீதி முடிந்துவிடும். ஓட்டு வீடுகளுக்கு வரி பத்து, பதினைந்து ரூபாய். அதனால் மதிப்பீடு சரியா தப்பா என்று யாரும் சண்டைக்கு வரவில்லை.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்த சீனியர் அண்ணன் ஒரு வழக்கம் வைத்திருந்தார். வீட்டை அளக்கும்போது டேப்பின் மறுமுனையை வீட்டுக்காரர் கையிலேயே கொடுப்பார். அடியை அவரே சத்தமாகப் படிக்க வேண்டும், அண்ணன் எழுதிக்கொள்வார். "நாம சொல்ற அளவு சர்க்கார் அளவு. அவரு படிச்ச அளவு அவரோட அளவு. பின்னால ரிவிசன் பெட்டிசனே வராது" என்பார். ஓய்வு பெறும்வரை நானும் அப்படித்தான் அளந்தேன்.

1990களில் பனியன் தொழில் எங்கள் கணக்குப் புத்தகத்தையே மாற்றியது. மடத்துக்குளத்தில் ஏற்றுமதிக் கம்பெனிகள் வரிசை கட்டி நின்றன என்று சொல்ல வரவில்லை. இங்கே வந்தவை நூல் மில்களும் அவற்றின் பஸ்களும். விடியற்காலையில் பஸ் வந்து ஊர் ஊராக ஆள் ஏற்றிப் போகும். திருப்பூருக்குக் குடும்பத்தோடு போனவர்கள் டைலர், கட்டிங், செக்கிங் என்று ஏதாவது ஒன்றில் ஒட்டிக்கொண்டார்கள். இவர்களுக்குத் தங்க இடம் வேண்டும். அதற்குப் பிறந்ததுதான் லைன் வீடு. நீளமான ஒரே கூரை, சிமெண்ட் அட்டை அல்லது ஆர்.சி., பத்துக்குப் பத்திலிருந்து பத்துக்கு இருபத்துநாலுவரை வரிசையாக அறைகள், கடைசியில் பொதுவான கக்கூஸ், முன்னால் ஒரு தண்ணீர்த் தொட்டி. மடத்துக்குளம், கொழுமம், கணியூர் பக்கத்தில் ஒரு ஏக்கர் வயலை விற்றுவிட்டுத் திருப்பூரின் விளிம்பில் எட்டு அறை, பத்து அறை கட்டிப் போட்டவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். வயலில் வெள்ளாமை பொய்த்தாலும் வாடகை பொய்க்காது என்று நம்பினார்கள். பத்து, பதினைந்து வருஷம் அது பொய்க்கவும் இல்லை.

லைன் வீட்டுக்கு நாங்கள் வரி போட்ட விதத்தை இங்கே சொல்லியாக வேண்டும், பின்னால் வந்த கஷ்டத்துக்கெல்லாம் வேர் அதில் இருக்கிறது. எட்டு அறை இருந்தாலும் ஒரே சொந்தக்காரர், ஒரே பட்டா என்பதால் ஒரே வரிவிதிப்பு எண் கொடுத்துவிடுவது ஆபீசுக்கு வசதி. ஒரு பில், ஒரு ரசீது. வீட்டுக்காரருக்கும் அலைச்சல் மிச்சம். அன்றைக்கு இரண்டு தரப்புக்கும் இதில் நஷ்டம் எதுவும் தெரியவில்லை.

2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவு போட்டது. நொய்யலில் விழுந்த சாயக்கழிவும் ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய விஷமும் கீழ்ப்பக்கத்து விவசாயிகளை எந்தக் கதிக்கு ஆளாக்கின என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தத் தீர்ப்பில் எனக்குக் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் எழுநூறுக்கு மேற்பட்ட பட்டறைகளில் கரண்ட் கட்டானபோது, துணிக்குச் சாயம் ஏறாமல் தையலும் நின்றது. ஆட்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். அந்தச் சமயம் திருப்பூரை ஒட்டிய ஒரு பேரூராட்சியில் எனக்கு வேலை. மார்ச் மாத வசூலுக்குப் போனால் லைன் வீடுகளில் அறைக்கு அறை பூட்டு தொங்கியது.

மார்ச் என்றால் வசூல் ஊழியருக்கு உயிர் போகிற மாசம். டிமாண்டில் இத்தனை சதவீதம் வசூலாகியே தீர வேண்டும். தண்ணீர்க் குழாயைத் துண்டிப்பது, ஜப்தி நோட்டீஸ் ஒட்டுவது, பாக்கிதாரர் பெயரைப் பலகையில் எழுதி வைப்பது என்று எல்லாமே அந்த மாசத்தில்தான். அப்படி ஒரு மார்ச்சில் ஒரு அம்மாவின் வாசலில் நின்றேன். மடத்துக்குளம் பக்கத்தில் வயலை விற்று அங்கே எட்டு அறை கட்டியவர். கணவர் இல்லை. "கண்ணு, எட்டு ரூமுல ஆறு பூட்டிக் கெடக்குது. ரெண்டு ரூம்பு வாடகையில எட்டு ரூம்புக்கு எப்படிச் சாமி வரி கட்டறது? ரெண்டு மாசமா உங்க ஆபீசுல வந்து வந்து சொல்லிட்டுத்தான் இருக்கறேன்" என்றார்.

சொல்லிக்கொண்டுதான் இருந்தார், எழுதிக் கொடுக்கவில்லை. யாரும் எழுதச் சொல்லவும் இல்லை. 1920ஆம் வருஷத்துத் தமிழ்நாடு மாவட்ட நகராட்சிகள் சட்டம்தான் 2023 ஏப்ரல்வரை எங்களுக்கு வேதம். அதில் காலியாகக் கிடக்கும் கட்டடத்துக்கு வரிச் சலுகை தெளிவாக இருந்தது. ஒரு அரையாண்டில் தொடர்ந்து முப்பது நாளுக்குக் குறையாமல் ஒரு கட்டடம் ஆளில்லாமல், வாடகைக்குப் போகாமல் கிடந்தால், கட்டடத்துக்கு உண்டான வரிப் பங்கில் பாதிக்கு மிகாமல், காலியாக இருந்த நாட்களுக்குத் தகுந்தபடி தள்ளிக் கொடுக்க வேண்டும். ஆனால் காலி என்று செயல் அலுவலருக்கு எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும். நாள் கணக்கு அந்த நோட்டீஸைக் கொடுத்த தேதியிலிருந்துதான் ஓடும். சலுகையைக் கேட்பதும் அதே அரையாண்டிலோ அடுத்த அரையாண்டிலோ கேட்டுவிட வேண்டும், அதற்குப் பிறகு கிடையாது. இதைப் படித்து வைத்திருந்த ஊழியர்கள் மிகக் குறைவு. சலுகை கேட்ட வீட்டுக்காரர்கள் அதைவிடக் குறைவு. வாயால் சொன்ன குறைக்கு ஆபீசில் பதிவு கிடையாது, அது வராந்தாவைத் தாண்டி மேஜைக்கு வருவதில்லை.

அந்த அம்மாவுக்கு அன்றைக்கே ஒரு நோட்டீஸ் எழுதிக் கொடுத்து, தபால் பிரிவில் சீல் போட்டு ஒப்புகை வாங்க வைத்தேன். அப்புறம்தான் முட்டுக்கட்டை. எட்டு அறையும் ஒரே எண்ணில் இருக்கிறது, அதில் இரண்டில் ஆள் இருக்கிறது, ஆகவே கட்டடம் காலி இல்லை என்று ஆபீசில் மறுத்தார்கள். சட்டத்தின் சொல்லைப் பிடித்துக்கொண்டால் அது ஒரு வாதம். ஒவ்வொரு அறைக்கும் தனிக் கதவு, தனி மின் மீட்டர் இருந்தது. அதைக் காட்டி, எண்ணை எட்டாகப் பிரிக்கும்படி இன்னொரு மனு எழுதினோம். புதிதாக மாற்றலாகி வந்திருந்த செயல் அலுவலர் நேரில் வந்து பார்த்துவிட்டுப் பிரித்துக் கொடுத்தார். அடுத்த அரையாண்டில் பூட்டிய அறைகளுக்குச் சலுகை கிடைத்தது. தொகை பெரியதல்ல. ஆனால் அந்த எட்டு எண்கள் பதினோரு வருஷம் கழித்து அவரைக் காப்பாற்றின. அதற்குப் பின்னால் வருகிறேன்.

அதே 2011ல் வேலம்பாளையம், நல்லூர் நகராட்சிகளும் ஆண்டிபாளையம், வீரபாண்டி, மண்ணரை போன்ற ஊராட்சிகளும் திருப்பூர் மாநகராட்சியோடு சேர்ந்தன. ஊராட்சியில் வீட்டு வரி கட்டிக்கொண்டிருந்தவர்கள் மாநகராட்சி டிமாண்டைப் பார்த்து மலைத்துப் போனார்கள். ஊராட்சிகளில் கணக்கே வேறு. கூரையா, ஓடா, கான்கிரீட்டா என்று பார்த்துச் சதுர அடிக்கு ஒரு சிறிய தொகைதான். வாடகை மதிப்பு என்ற பேச்சே அங்கே இல்லை. சாயப்பட்டறை மூடி அறைகள் காலியான அதே வருஷத்தில் பலருக்கு இதுவும் சேர்ந்து வந்தது.

வீட்டு மனையின் விலை விழுந்ததைக் கண்ணால் பார்த்தது 2016க்குப் பிறகு. அந்த செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்ய உயர் நீதிமன்றம் தடை போட்டது. நவம்பரில் பணமதிப்பிழப்பு. உடுமலைக்கும் மடத்துக்குளத்துக்கும் நடுவே மஞ்சள் கல் நட்டு வைத்திருந்த சைட்டுகளில் பல வருஷம் புல்தான் முளைத்தது. மகள் கல்யாணத்துக்கு விற்கலாம் என்று வாங்கிப் போட்டவர்களால் பத்திரமே போட முடியவில்லை. விலை இறங்கியதை அரசாங்கமே ஒப்புக்கொண்டது என்று சொல்லலாம். 2017 ஜூன் 9 முதல் தமிழ்நாடு முழுக்க வழிகாட்டி மதிப்பை மூன்றில் ஒரு பங்கு, அதாவது 33 சதவீதம் குறைத்தார்கள். 2012ல் ஏற்றிய மதிப்பு சந்தைக்கு மேலே போய்விட்டது என்பதுதான் அதற்கு அர்த்தம். கூடவே பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக்கிவிட்டதால் வாங்குபவருக்குக் கிடைத்த லாபத்தில் ஒரு பகுதி அங்கே போயிற்று. அது வேறு விஷயம்.

சார்பதிவாளர் ஆபீசில் மதிப்பு இறங்கியதும் ஜனங்கள் நேராக எங்களிடம் வந்தார்கள். "அங்க மூணுல ஒண்ணு கொறச்சாச்சுங்க. இங்க எப்பக் கொறைப்பீங்க?" என்று கேட்டவர்களுக்கு, பதிவுத்துறைக் கணக்கு வேறு, எங்கள் கணக்கு வேறு என்றுதான் சொல்ல முடிந்தது. சொல்லும்போதே எனக்கு உறுத்தியது. ஒரு அரசாங்கம், ஒரே வீடு. ஒரு ஆபீசில் அதன் மதிப்பு இறங்கிவிட்டது, பக்கத்து ஆபீசில் இறங்கவே இல்லை. சரியாக ஒரு வருஷம் போனது. 2018 ஜூலையில் சொத்து வரியை உயர்த்தும் ஆணை வந்தது. சொந்தக் குடியிருப்புக்கு 50 சதவீதம்வரை, வாடகைக்கு விட்ட வீட்டுக்கும் கடைகளுக்கும் 100 சதவீதம்வரை. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளிலேயே வாடகை வீட்டையும் 50க்குக் கொண்டுவந்தார்கள். 2019 நவம்பரில் அந்த உயர்வையே நிறுத்தி வைத்து, மறுபரிசீலனைக்குக் குழு போட்டார்கள்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது ஒரு செய்தி. எங்களுக்கு அது ராத்திரி பகலாக வேலை. ஏற்றிய டிமாண்டை இறக்கி, கூடுதலாகக் கட்டியவர்களின் பணத்தை வரும் அரையாண்டுகளில் வரவு வைக்க வேண்டும். "கட்டாதவன் கெட்டிக்காரன், கட்டினவன் ஏமாளியாங்க?" என்று ஒரு பெரியவர் கேட்டார். ஏப்ரலில் முதல் ஆளாக வந்து வரி கட்டுகிறவர் அவர். கையில் பணமாகத் திருப்பிக் கேட்டார், கொடுக்க வழியில்லை. என் சர்வீஸில் ஊர் மொத்தத்துக்கும் வரி இறங்கியது அந்த ஒருமுறைதான். அதுவும் வாடகை இறங்கியதால் இறங்கவில்லை. எதிர்ப்பு வலுத்ததால் இறங்கியது.

நான் ஓய்வு பெற்ற பிறகு 2022 ஏப்ரலில் வந்தது அடுத்த சீராய்வு. எங்களைப் போன்ற பேரூராட்சிகளில் 600 சதுர அடிவரையுள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 601 முதல் 1,200வரை 50, 1,201 முதல் 1,800வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம். கடைகளுக்கு 100. பதினைந்தாவது நிதி ஆணையம் உள்ளாட்சிகளுக்கு மானியம் கொடுக்கச் சொத்து வரியை ஒழுங்குபடுத்துவதை நிபந்தனையாக வைத்திருந்தது. அதைக் காரணமாகச் சொன்னார்கள். உயர்வே கூடாது என்று பேசுகிறவன் நானில்லை. தெருவிளக்குக்குக் கரண்ட் பில், குப்பை வண்டிக்கு டீசல், தூய்மைப் பணியாளருக்குச் சம்பளம் எல்லாம் ஏறியது எனக்குத் தெரியும். மானியத்தை நம்பியே ஓடுகிற பேரூராட்சி, சொந்தமாக ஒரு சாக்கடைப் பாலம்கூடப் போட முடியாமல் நின்றதையும் பார்த்திருக்கிறேன். சின்ன வீட்டுக்குக் குறைவாகவும் பெரிய வீட்டுக்கு அதிகமாகவும் ஏற்றியது கொள்கையளவில் நல்லது என்றே நினைத்தேன்.

லைன் வீட்டில்தான் அது தலைகீழாகப் போனது. 240 சதுர அடியில் எட்டு அறை என்றால் மொத்தம் 1,920. ஒரே வரிவிதிப்பு எண்ணில் இருந்தால் அது 1,800க்கு மேற்பட்ட கட்டடம், பங்களாவுக்கு உண்டான 100 சதவீத உயர்வு அதற்கும். எட்டு எண்ணாகப் பிரிந்திருந்தால் ஒவ்வொன்றும் 600க்குக் கீழ், 25 சதவீதம்தான். கூலித் தொழிலாளி படுத்துத் தூங்கும் பத்தடி அகல அறைக்கு மாடிவீட்டு விகிதம் விழுந்தது, என்றைக்கோ ஆபீஸ் வசதிக்காகக் கொடுத்த ஒற்றை எண்ணால். 2011ல் எண்ணைப் பிரித்துக்கொண்ட அந்த அம்மா தப்பித்தார். அவருக்கு அடுத்த காம்பவுண்டில் அதே அளவில் கட்டியவர் மாட்டிக்கொண்டார்.

இரண்டாவது, எல்லையில் நின்ற வீடுகள். 1,204 சதுர அடி என்று பதிவாகியிருந்தால் 75 சதவீதம், 1,196 என்றால் 50. எட்டு சதுர அடிக்காக இவ்வளவு வித்தியாசம். பழைய அளவுகளில் சிலவற்றில் போர்டிகோவைச் சேர்த்திருப்பார்கள், சிலவற்றில் வெளிப் படிக்கட்டைச் சேர்த்திருப்பார்கள். ஒரே மேஸ்திரி ஒரே பிளானில் கட்டிய இரண்டு வீடுகளுக்குப் பதிவேட்டில் இரண்டு அளவு இருப்பதைக் கண்டிருக்கிறேன். அந்த வருஷம் முழுக்க என் வீட்டுத் திண்ணையில் மனு எழுதும் வேலைதான். டேப்பை எடுத்துக்கொண்டு போய், மறுமுனையை வீட்டுக்காரரிடம் கொடுத்து, அறை அறையாக அளந்து வரைபடம் போட்டு மறு அளவீடு கேட்டோம். சிலருக்கு அளவு குறைந்தது. சிலருக்கு, பதிவேட்டில் ஏறாமல் இருந்த மாடி அறை வெளிச்சத்துக்கு வந்து வரி கூடியது. அதனால் மனு எழுத வருகிறவர்களிடம் முதலிலேயே கேட்டுவிடுவேன்: பின்னால் ஏதாவது சேர்த்துக் கட்டியிருக்கிறீர்களா?

என் தங்கை மகன் கலிபோர்னியாவில் வீடு வாங்கியிருக்கிறான். அங்கே வரியே வீட்டின் மதிப்பின் மேல்தான் என்று சொல்லி, அந்த ஊர்ச் சட்டத்தை எனக்கு ஒருநாள் பொறுமையாக விளக்கினான். 1978ல் மக்கள் வாக்கெடுப்பில் வந்தது அந்தச் சட்டம். வாங்கிய விலையை ஆதாரமாக வைத்து ஒரு சதவீதம் வரி, அந்த ஆதாரம் வருஷத்துக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது. அதே வருஷக் கடைசியில் இன்னொரு திருத்தமும் வாக்கெடுப்பில் நிறைவேறியது. சந்தை விலை ஆதாரத்துக்குக் கீழே விழுந்தால் வரி மதிப்பையும் தற்காலிகமாக இறக்க வேண்டும், விலை மீண்டால் மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். 2008ல் அங்கே வீட்டு விலை சரிந்தபோது சில கவுண்டிகளில் வீட்டுக்காரர் மனுப் போடாமலேயே மதிப்பீட்டு அலுவலர்கள் ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு மதிப்பை இறக்கினார்களாம். அந்த முறையிலும் குறை இருக்கிறது, பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் முற்றிலும் வேறு வேறு வரி கட்டுகிறார்கள். ஆனால் இறங்குவதற்கு என்று சட்டத்திலேயே ஒரு வழி எழுதி வைத்திருக்கிறார்களே, அதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

நம் நாட்டிலும் இந்த எண்ணம் புதிதல்ல. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒரு வீட்டுக்கு நியாய வாடகை என்று எதை அனுமதிக்கிறதோ அதற்கு மேல் கற்பனை செய்து நகராட்சி வரி போடக்கூடாது என்று குண்டூர் நகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1970லேயே சொன்னது. தமிழ்நாட்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2019ல் போய்விட்டது, அந்தக் கயிறும் அதோடு அறுந்தது. ஆனாலும் கிடைக்கவே முடியாத வாடகைக்கு வரி கேட்பது நியாயமில்லை என்ற அடிப்படை எங்கும் போய்விடவில்லை.

இப்போது வந்திருப்பது 2024ன் மாற்றம். நகர்ப்புற உள்ளாட்சிகளில் வருஷத்துக்கு 6 சதவீதம், அல்லது மாநில உள்நாட்டு உற்பத்தியின் ஐந்து வருஷச் சராசரி வளர்ச்சி, இதில் எது அதிகமோ அந்த அளவுக்கு வரி தானாக ஏறும். ஒரேயடியாக ஏற்றுவதைவிட இது பரவாயில்லை என்பவர்கள் உண்டு. 6 சதவீதமே என்றாலும் பன்னிரண்டு வருஷத்தில் வரி இரண்டு மடங்காகிவிடும். என் மனத்தாங்கல் அந்த வேகத்தைப் பற்றியது மட்டும் அல்ல. மாநில உற்பத்தி என்பது ஸ்ரீபெரும்புதூர் கார்த் தொழிற்சாலையும் சென்னை ஐ.டி. கம்பெனியும் சேர்ந்த கணக்கு. அங்கே வளர்ச்சி இருக்கிற வருஷத்தில் மடத்துக்குளத்தில் மில் ஷிப்ட் குறைந்திருக்கலாம். அறை வாடகை 3,000லிருந்து 2,000க்கு இறங்கியிருக்கலாம். வாடகையை அடிப்படையாகக் கொண்ட வரி, அந்த ஊர் வாடகையைப் பார்க்காமலேயே ஏறப்போகிறது.

2024 டிசம்பரில் திருப்பூர் வியாபாரிகள் சொத்து வரி உயர்வை எதிர்த்துக் கடையடைப்பு நடத்தினார்கள். கடை வாடகைக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. என்ற சுமையும் அந்த அக்டோபரில்தான் பதிவுபெற்ற வியாபாரிகள் தலையில் ஏறியிருந்தது. கடை வைத்திருப்பவர்களுக்குச் சங்கம் இருக்கிறது, ஒரு நாள் ஷட்டரை இறக்கினால் ஊருக்குத் தெரியும். லைன் வீட்டுக்காரர்களுக்குச் சங்கம் கிடையாது. அவர்களை முதலாளிகள் என்று நினைக்கிறார்கள். பாதிப் பேர் வயதான விதவைகளும், மில்லில் வி.ஆர்.எஸ். வாங்கிய பணத்தைச் செங்கல்லில் போட்டவர்களும்தான்.

2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டதும் மறுபடி அதே படம். திருப்பூர் ஏற்றுமதியில் அமெரிக்கப் பங்கு பெரியது. ஆர்டர் நின்றது, ஓவர்டைம் நின்றது, ஊருக்குப் போன வடமாநிலத் தம்பிகளில் பலர் திரும்பவில்லை. செப்டம்பர் கடைசியில் மூன்று பேர் ஒன்றாகத் திண்ணைக்கு வந்தார்கள், மூவரும் இந்த ஊர்க்காரர்கள், மூவருக்கும் லைன் வீடு. "அண்ணா, ஆபீசுல போய்ச் சத்தம் போட்டுட்டு வந்துட்டோமுங்க" என்றார் ஒருவர். சத்தம் போட்டால் எங்கேயும் பதிவாகாது என்று சொல்லிவிட்டு, ஒவ்வொருவரிடமும் மின் அட்டையைக் கேட்டேன்.

அறை காலி என்பதற்கு மின்சார ரீடிங்கைவிட நல்ல சாட்சி இல்லை. இரண்டு மாசத்துக்கு ஒருமுறை எடுக்கிற ரீடிங்கில் பூட்டிய அறைக்குப் பூஜ்யம்தான் இருக்கும், யாரும் மறுக்க முடியாது. அதோடு குடியிருந்தவர் அட்வான்ஸைத் திருப்பி வாங்கிக்கொண்டதற்கு ஒரு கையெழுத்து, பூட்டிய கதவின் படம், அறைவாரி அளவு, கடந்த மூன்று வருஷ ரசீது. மனுவில் மூன்று கோரிக்கைகள் எழுதினோம். ஒற்றை எண்ணை அறைவாரியாகப் பிரிக்க வேண்டும். 2022ல் போட்ட 100 சதவீதத்தை அதற்குத் தகுந்தபடி திருத்தி, கூடுதலாகக் கட்டியதை வரவு வைக்க வேண்டும். பழைய சட்டத்தில் இருந்த காலிக்கட்டடச் சலுகையைப் பூட்டிய அறைகளுக்கு அதே அளவில் கொடுக்க வேண்டும். வரியில் பாக்கி இல்லை என்று காட்டுவது முக்கியம் என்பதால், ஆட்சேபணையோடு கட்டுகிறோம் என்று கடிதம் கொடுத்து, அக்டோபர் 30க்குள் கட்டி, 5 சதவீத ஊக்கத் தொகையையும் வாங்கிக்கொண்டார்கள்.

அத்தோடு மன்ற உறுப்பினர் ஒருவர் மூலம் ஒரு தீர்மான வாசகத்தையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை வீதிவாரியாக உண்மையான வாடகையை விசாரித்து, உயர்ந்த வீதியில் உயர்த்தவும் இறங்கிய வீதியில் இறக்கவும் மன்றத்துக்கு அதிகாரம் கேட்டு அரசுக்கு எழுதுவது. மன்றம் தீர்மானம் போட்டால் மட்டும் வரி குறைந்துவிடாது, அதிகாரம் மேலேதான் இருக்கிறது. ஆனால் ஒரு ஊர் எழுதினால் அடுத்த ஊரும் எழுதும். மூன்று பேரின் மனுவுக்கும் தபால் சீலும் தேதியும் போட்ட ஒப்புகை வந்துவிட்டது. அளக்க ஆள் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள், டேப்பின் மறுமுனையை விடாமல் பிடித்துக்கொள்ளும்படி மூவருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.